மாற்றியமைத்த வேகக் காருக்குக் காப்பீடு: ஆர்.சி. புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கார் இன்று எத்தனை குதிரைத்திறன் தருகிறது என்று காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் கேட்டிருக்காது. இந்தியாவில் காரின் பிரீமியம் என்ஜினின் கன அளவு, காரின் வயது, பதிவான ஊர், காப்பீட்டு மதிப்பு ஆகியவற்றைக் கொண்டே கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. 1,197 சி.சி. போலோ ஜி.டி. தொழிற்சாலையிலிருந்து 105 குதிரைத்திறனுடன் வந்தது. ரீமேப் செய்து, அதாவது என்ஜினை இயக்கும் மென்பொருளை மாற்றி எழுதி, டர்போவையும் மாற்றி அதை 150-க்கு மேல் கொண்டுபோனாலும் கன அளவு 1,197 தான். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையான காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய். ரீமேப்புக்கு முன்பும் அதுதான், பின்பும் அதுதான்.

இதைக் கண்டு நிம்மதி அடைபவர்கள் ஏராளம். பிரீமியம் ஏறவில்லை என்றால் சிக்கலும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். மாற்றத்துக்கான விலையை நாம் பிரீமியத்தில் கொடுப்பதில்லை. விபத்து நடந்து இழப்பீடு கேட்கும் நாளில் மொத்தமாகக் கொடுக்கிறோம். பிரிட்டனில் மாற்றியமைத்த கார்களுக்கென்றே தனி நிறுவனங்கள் உண்டு. சைலன்சர் முதல் டர்போ வரை ஒவ்வொன்றாகக் கேட்டு, அதற்கேற்பப் பிரீமியம் வாங்கிக்கொண்டு, ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி தருவார்கள். அந்த ஊர்க் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கும் அப்படி ஒரு பாலிசியைத் தேடுபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். இங்கே பாதை வேறு. அது காப்பீட்டு அலுவலகத்தில் தொடங்குவதில்லை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தொடங்குகிறது.

முதல் படி: காரும் ஆர்.சி.யும் ஒன்றாக இருக்கின்றனவா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவை ஒரு முறையாவது நிதானமாகப் படித்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொன்றுக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நான்கு மாற்றங்கள் என்றால் அபராதம் 20,000 ரூபாய்.

காப்பீட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பாலிசியில் காப்பீடு செய்யப்படுவது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார் மட்டுமல்ல. பதிவு எண், என்ஜின் எண், சேஸிஸ் எண், கன அளவு, மாடல் என்று எழுத்தில் விவரிக்கப்பட்ட ஒரு கார். வாசலில் நிற்பதும் எழுத்தில் இருப்பதும் எவ்வளவு விலகிப் போகின்றனவோ அவ்வளவுக்கு உங்கள் பாதுகாப்பு மெலிகிறது. இந்த வழிகாட்டி முழுவதற்கும் இதுதான் அடிப்படை.

இரண்டாம் படி: மாற்றங்களை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, காரில் செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏற்கெனவே மாற்றப்பட்ட காரை வாங்கியவர் என்றால், நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடம் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

முதல் வகை, ஆர்.சி.யைத் தொடாதவை. ஒலிபெருக்கி, கேமரா, இருக்கை உறை, தயாரிப்பாளர் அதே மாடலின் உயர்ந்த வகைக்குக் கொடுக்கும் அலாய் சக்கரமும் டயரும், தரமான பிரேக் பேட் போன்றவை. இவற்றை அறிவித்துக் காப்பீட்டில் சேர்க்கலாம்.

இரண்டாம் வகை, முன் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதியக்கூடியவை. நிறம் மாற்றுவது, பழுதான என்ஜினுக்குப் பதில் அதே வகை என்ஜினைப் பொருத்துவது, அங்கீகரிக்கப்பட்ட எரிவாயுக் கருவி பொருத்துவது ஆகியவை இதில் அடங்கும். கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். வேலையை முடித்துவிட்டு அனுமதி கேட்கப் போகாதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் மறுத்துவிட்டால் செலவு முழுவதும் வீண்.

மூன்றாம் வகைதான் மனத்துக்கு நெருக்கமானது, வலியும் அதில்தான். வேறு மாடலின் பெரிய என்ஜின், உடலை அகலப்படுத்துவது, கூரையை வெட்டுவது, சேஸிஸில் கை வைப்பது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர்குழாய் போடுவது. இவை சாலையில் ஓடும் காருக்கு அனுமதிக்கப்படாதவை. காரின் முன்னால் பொருத்தும் இரும்புக் காப்புக் கம்பியைக்கூட 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது.

ரீமேப் எந்த வகை? ஆர்.சி.யில் அதைப் பதிய இடமில்லை, வெளியிலிருந்து கண்ணுக்கும் தெரியாது. ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த திறனையும் புகை அளவையும் அது மாற்றுகிறது. ஆகவே நான் அதை மூன்றாம் வகையோடுதான் வைப்பேன். "யாருக்கும் தெரியாது" என்று ட்யூனிங் செய்பவர் சொல்வார். கண்ணுக்குத்தான் தெரியாது. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வைத் தயாரிப்பாளரின் கருவியோடு இணைத்தால் பல கார்களில் மென்பொருள் மாறியிருப்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் வகையில் ஏதேனும் இருந்தால் உங்கள் முன் நேர்மையான வழிகள் இரண்டுதான். அந்தப் பாகங்களைக் கழற்றி, காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று. அந்தக் காரைப் பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி, சாலையில் ஓட்டாமல் டிரெய்லரில் ஏற்றிச் செல்வது மற்றொன்று. தொழிற்சாலையிலிருந்து கழற்றிய பாகங்களை விற்றுவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதற்காகத்தான். எண்ணெய் துடைத்து, பெயர் எழுதி, பெட்டியில் வைத்திருங்கள். பின்னால் காரை விற்கும்போதும் அவை உதவும்.

மூன்றாம் படி: காகிதங்கள்

ஒவ்வொரு பாகத்துக்கும் ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீது வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தால் சுங்க வரி கட்டிய ஆவணமும் வேண்டும். பொருத்திய பட்டறையின் கூலி ரசீதைத் தனியாக வாங்குங்கள். கையில் பணம் கொடுத்து, துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி வாங்கிய பாகத்துக்குக் காப்பீட்டில் மதிப்பு கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது பாகத்தை மட்டும் எடுக்காதீர்கள். பதிவு எண்ணோ சேஸிஸ் எண்ணோ அதே படத்தில் தெரியட்டும். பாகத்தில் வரிசை எண் இருந்தால் அதையும் எடுங்கள். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு முறை அனுப்பி வையுங்கள். அந்தத் தேதி பின்னால் சாட்சி சொல்லும்.

நான்காம் படி: நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லுங்கள்

காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. நிறுவனம் முடிவெடுக்கத் தேவையான முக்கிய விவரத்தை மறைத்தால், இழப்பீட்டை மறுக்க அதற்கு வழி திறந்துவிடுகிறது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? இணையத்தில் ஐந்து நிமிடத்தில் பாலிசி எடுக்கும் பக்கங்கள் பலவற்றில் எரிவாயுக் கருவியையும் துணைக் கருவிகளின் மதிப்பையும் தாண்டி எழுத இடமே இருக்காது. முகவரிடம் கேட்டால், "அதையெல்லாம் எழுதாதீர்கள் சார், பாலிசி கிடைக்காது" என்பார். அவர் கெட்டவர் அல்ல. அன்றைய வேலை முடிய வேண்டும் என்று நினைக்கிறார். விபத்துக்குப் பிறகு கடிதத்துக்குப் பதில் எழுதப்போவது நீங்கள்தான், அவர் அல்ல.

ஆகவே இத்தகைய காருக்கு இணையப் பக்கத்தை விட்டுவிட்டுக் கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பொதுத்துறை நிறுவனங்களின் கிளைகளில் முன்மொழிவுப் படிவத்தோடு இணைப்புத் தாள் கொடுக்கலாம், முத்திரையிட்டு ஒப்புகை பெறலாம். தனியார் நிறுவனம் என்றால் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு எழுதி, புகார் எண்ணைப் போலவே கோரிக்கை எண்ணையும் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது எதுவும் சொன்னதாகாது.

கடிதத்தில் பாலிசி எண்ணும் பதிவு எண்ணும் மேலே வரட்டும். கீழே மாற்றங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் ரசீதுத் தொகை, பொருத்திய தேதி. பிறகு மூன்று கேள்விகள்: இவற்றில் எவை பாலிசியில் சேர்க்கப்படும்? எவை சேர்க்கப்படாது? சேர்க்கப்படாதவை காரில் இருப்பதால் மற்ற சேதங்களுக்கான இழப்பீடு பாதிக்கப்படுமா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம். அதை எழுத்தில் பெறும்வரை விடாதீர்கள். மறுத்தால் மறுப்பும் எழுத்தில் வரட்டும். அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

பாலிசி நடப்பில் இருக்கும்போதே பாகம் சேர்த்தால் புதுப்பிக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். கூடுதல் பிரீமியம் கட்டி எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் எழுத்துபூர்வத் திருத்தம், கேட்கலாம். காரைப் பரிசோதிக்க ஆள் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். பரிசோதனை அறிக்கையில் பாகம் இடம்பெற்றுவிட்டால், "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: மதிப்பைக் கணக்கிடுங்கள்

காப்பீட்டு மதிப்பு என்னும் ஐ.டி.வி. நீங்கள் காருக்காகச் செலவழித்ததைக் குறிப்பதில்லை. தயாரிப்பாளரின் விற்பனை விலையிலிருந்து தேய்மானம் கழித்த தொகை அது. ஆறு மாதம்வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம். ஐந்தாண்டு தாண்டிய காருக்கு நிறுவனமும் நீங்களும் பேசி முடிவெடுக்கலாம். பழைய ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற, சந்தையில் இன்னும் விலை குறையாத கார் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பேரம் பேசத் தயங்கக் கூடாது.

மின் துணைக் கருவிகளுக்கு வழக்கமான கட்டணம் அவற்றின் மதிப்பில் 4 சதவீதம். 80,000 ரூபாய் ஒலி அமைப்புக்கு ஆண்டுக்கு 3,200 ரூபாயும் வரியும். சக்கரம் போன்ற மின்சாரம் சாராத பாகங்களின் மதிப்பு ஐ.டி.வி.யோடு சேர்க்கப்பட்டு அதே விகிதத்தில் பிரீமியம் கணக்கிடப்படும். அறிவிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஐ.டி.வி. 18 லட்சம், மேலே செலவழித்தது 6 லட்சம் என்று கொள்வோம். கார் திருட்டுப் போனால் கிடைப்பது 18 லட்சத்துக்குள்தான். ஆறு லட்சத்துக்கு எழுத்தில் இடமே இல்லை.

பாகங்களின் தேய்மானமும் உண்டு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம், ஃபைபர்கிளாஸுக்கு 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். ஃபைபர்கிளாஸ் பம்பர் போட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேய்மானமில்லாக் கூடுதல் காப்பீடு எடுத்திருந்தாலும் அது அறிவிக்கப்படாத பாகத்தைக் காப்பாற்றாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், குறிப்பாகச் சென்னைக்காரர்களுக்கு. குளிர்ந்த காற்றுக்காக, என்ஜினுக்குள் காற்றை இழுக்கும் இன்டேக் குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்குகிறோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நகரம் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த உயரத்தில் இருக்கும் குழாய் முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே என்ஜினுக்குள் நீரை இழுத்துவிடும். அடிப்படைப் பாலிசியில் இயந்திரக் கோளாறும் பின்விளைவுச் சேதமும் விலக்கப்பட்டவை. தண்ணீரில் நின்ற காரை மறுபடி இயக்கி என்ஜின் பழுதானால் அந்தச் செலவு உங்களுடையது. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டை எடுங்கள். எடுக்கும் முன் அதில் மாற்றியமைத்த பாகங்கள் பற்றிய விலக்கு வரி இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் பழைய இன்டேக்கைப் பொருத்திவிடுவது இவை எல்லாவற்றையும்விட நல்லது.

ரீமேப்பால் பிஸ்டன் உருகினாலோ கியர்பெட்டி உடைந்தாலோ எந்தப் பாலிசியையும் எதிர்பார்க்காதீர்கள். அது விபத்து அல்ல.

ஆறாம் படி: பந்தயத் தடம்

இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ கார் ஓட்டும் நாளில் உங்கள் சாலைப் பாலிசி உங்களோடு வராது. ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் போட்டி ஆகியவை பாலிசியின் பயன்பாட்டு வரம்பிலேயே விலக்கப்பட்டிருக்கின்றன. ராலிகளுக்கென்று தனி எண்டார்ஸ்மென்ட் ஒன்று மோட்டார் கட்டண விதிகளில் உண்டு; கலந்துகொள்ளும் முன் கேட்டுப் பெற வேண்டும். தடத்தில் மோதிய காரைச் சாலைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அங்கே மோதியதாகச் சொல்லும் யோசனையை யாராவது கொடுத்தால் காதில் வாங்காதீர்கள். அது குற்றம்.

ஏழாம் படி: எதிரே வருபவர்

மாற்றியமைத்த காரின் காப்பீட்டைப் பற்றிப் பேசும்போது நாம் பாகங்களின் விலையையே பேசுகிறோம். உண்மையில் பெரிய ஆபத்து அங்கே இல்லை. நம் காரால் ஒரு மனிதர் இறந்தாலோ கை காலை இழந்தாலோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. மூன்றாம் நபரின் பொருட்சேதத்துக்குத் தனியார் காருக்குரிய வரம்பு 7.5 லட்சம் ரூபாய்.

மூன்றாம் நபருக்கு நிறுவனம் எப்படியும் கொடுத்துவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவில் நிறுவனம் எழுப்பக்கூடிய எதிர்வாதங்களின் பட்டியல் இருக்கிறது. பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தியது அதில் ஒன்று. முக்கிய விவரத்தை மறைத்துப் பாலிசி பெற்றது இன்னொன்று. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்ட வழக்குகள் பல. பாதிக்கப்பட்டவருக்கு அது நியாயம். ஆனால் அந்த வசூல் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். ஐந்து லட்ச ரூபாய் டர்போ கிட்டை மறைத்ததற்காக வீட்டை விற்க நேரலாம் என்பதை நினைத்தால், நான்காம் படியில் சொன்ன கடிதத்தை எழுத ஒரு மணி நேரம் செலவழிப்பது பெரிதாகத் தோன்றாது.

எட்டாம் படி: இழப்பீடு கேட்கும் நாள்

என் நண்பர் ஒருவரின் கார் சேலம் அருகே தடுப்புச் சுவரில் மோதியது. காயில் ஓவர் (காரின் உயரத்தைக் குறைக்க உதவும் ஸ்பிரிங் அமைப்பு), பெரிய பிரேக், ரீமேப் மூன்றும் இருந்தன, எதையும் அறிவித்திருக்கவில்லை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருவதற்குள் பழைய ஸ்பிரிங்கைப் பொருத்திவிடலாம் என்று பட்டறையில் யோசனை சொன்னார்கள். அவர் மறுத்தார். இருப்பதை இருந்தபடி காட்டி, மோதலுக்குக் காரணம் லாரி திடீரெனத் தடம் மாறியது என்பதற்கு முன் கண்ணாடிக் கேமராப் பதிவையும் கொடுத்தார். மாதக் கணக்கில் அலைந்த பிறகு, மாற்றிய பாகங்களை நீக்கிவிட்டு உடல் பாகங்களுக்கு மட்டும் குறைத்த தொகை வந்தது. பாகங்களை மாற்றி வைத்துப் பிடிபட்டிருந்தால் அதுவும் வந்திருக்காது, மோசடி வழக்கும் சேர்ந்திருக்கும்.

ஆகவே விபத்து நடந்தவுடன் தகவல் கொடுங்கள். தாமதம் தனிக் காரணமாகிவிடும். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றாதீர்கள். உங்கள் இணைப்புத் தாளையும் அதற்கான ஒப்புகையையும் முதல் சந்திப்பிலேயே கொடுங்கள். மாற்றத்துக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்றால் அதைக் காட்டும் சான்றைத் தேடுங்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யின் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதப்படும். அப்போது தொழிற்சாலைப் பாகங்களை மீண்டும் பொருத்தி உங்கள் பாகங்களை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பதை ஒப்புதல் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள்.

ஒன்பதாம் படி: மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தில் எந்த நிபந்தனையைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுத் தொகையையும் மறுக்காமல் 75 சதவீத அளவில் தீர்க்கும் முறை ஒன்று உண்டு. தனிப்பயன்பாட்டு வாகனத்தை வாடகைக்கு ஓட்டிய வழக்குகளில் 2008-லும் 2010-லும் உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையை ஏற்றது. 2008 வழக்கில் வாகனம் திருட்டுப் போனதற்கும் நிபந்தனை மீறலுக்கும் தொடர்பில்லை என்று சொன்னது. உங்கள் வழக்கு வேறாக இருக்கலாம், ஆனால் முறையீட்டில் இதைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளை விசாரிப்பார். நிறுவனம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போய்விடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு அவகாசம்.

கடைசியாக, புதுப்பித்தலும் கைமாற்றமும்

புதுப்பிக்கும்போது, அதிலும் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது, போன ஆண்டு சேர்த்த துணைக் கருவிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். பழைய பாலிசியையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். 90 நாளுக்கு மேல் பாலிசி காலாவதியாக விட்டால், கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்குச் சேர்ந்த, 50 சதவீதம் வரை செல்லக்கூடிய தள்ளுபடி முழுவதும் போய்விடும்.

மாற்றியமைத்த காரை இன்னொருவரிடமிருந்து வாங்கினால், 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களுக்கு வரும். சொந்தச் சேதக் காப்பீடு வராது. விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன், கழற்றிய தொழிற்சாலைப் பாகங்கள் எங்கே என்று கேளுங்கள். அவை இல்லை என்றால் அவற்றைத் திரும்ப வாங்க ஆகும் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.